உறியில் ஒரு தோட்டம்

பழைய யாழ்ப்பாணத்து அடுக்களைகளில் உறி தொங்காத வீடு அரிது. வளையிலே கட்டிய கயிற்றில் தயிர்ச்சட்டியும் நெய்முட்டியும், எறும்புக்கும் பூனைக்கும் எட்டாமல், அந்தரத்திலே தங்கியிருக்கும். கண்ணன் வெண்ணெய் திருடிய கதையில் வருவதும் இந்த உறியே. குளிர்சாதனப்பெட்டி வந்த பின்னர் உறிக்கு வீட்டிலே வேலை இல்லாது போயிற்று. ஆயினும் நிலத்தில் வைக்க இயலாத பொருளை மேலே தொங்கவிட்டுக் காக்கலாம் என்ற அந்தப் பழைய அறிவுக்கு இன்றும் பயன் உண்டு. தயிர்ச்சட்டி இருந்த இடத்தில் ஒரு பொன்னாங்காணிச் செடியை வைத்தால் அது உறித்தோட்டம் ஆகிவிடுகிறது.

இலங்கையில் உணவுத் தட்டுப்பாடு வரும்போதெல்லாம் வீட்டுத்தோட்டம் பற்றிய பேச்சு உரத்துக் கேட்பது வழக்கம். 1970களின் முற்பகுதியில் உணவு இறக்குமதி குறைக்கப்பட்டபோது முற்றத்து மரவள்ளிக்கிழங்கு பல குடும்பங்களின் பசியைத் தணித்தது. 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. 2022 ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணியும் எரிபொருளும் அருகின. மரக்கறி விலை ஏறியது. அவ்வாண்டு யூன் மாதத்தில், வீட்டிலே பயிர் செய்வதற்கென அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்க அமைச்சரவை தீர்மானித்தது. ஆனால், பயிர் செய்ய நாள் கிடைத்த பலருக்குப் பயிர் செய்ய நிலம் இருக்கவில்லை. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தொடர்மாடிகளில் வாழும் குடும்பத்துக்குச் சொந்தமான வெளி ஒரு சிறு பல்கனி. மலையகத்தில் பழைய லயன்களில் வாழும் குடும்பத்துக்கு உரியது, பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி அறையும் அதன் முன்னுள்ள ஒடுங்கிய வாசலுமே. நிலம் அற்ற இத்தகையோருக்கே உறித்தோட்டம் பெரிதும் உதவும்.

அது எவ்வளவு உதவும் என்பதையும் முதலிலேயே தெளிந்துகொள்வது நல்லது. உறித்தொட்டி சந்தைக்குப் போவதை நிறுத்திவிடாது. பூசணியும் கத்தரியும் மரவள்ளியும் அதில் விளையா. நாள்தோறும் சிறிதளவு தேவைப்பட்டு, கடையில் வாங்கினால் வாடியும் விலை ஏறியும் கிடைக்கின்ற இலையும் மிளகாயும் வெங்காயத்தாளுமே அதற்கு ஏற்றவை. எட்டுத் தொட்டிகளில் கீரை வளர்த்து முறைவைத்துக் கிள்ளினால், ஒரு சிறு குடும்பத்துக்கு வாரத்தில் ஒருநாளாவது வறைக்குக் கீரை கிடைக்கும். சம்பலுக்கும் சொதிக்கும் வேண்டிய இலை வேறாகக் கிடைக்கும். சோறும் பருப்பும் மட்டுமே உண்ணும் பிள்ளைக்கு அந்தப் பிடி கீரை சிறிதன்று. இரும்புச்சத்தும் உயிர்ச்சத்து ஏயின் மூலப்பொருளும் அதில் உள்ளன. தேங்காய்ப்பூவோடு வறுத்து எலுமிச்சம்புளி பிழிந்து உண்டால் அவற்றை உடல் எளிதில் ஏற்றுக்கொள்ளும்.

உறித்தோட்டத்தின் நன்மையும் கேடும் இரண்டு பொருள்களில் அடங்கும். ஒன்று பாரம், மற்றது நீர். நீர் நிறைந்த தொட்டி பாரமாகிறது. பாரம் குறைந்த தொட்டி விரைவில் காய்கிறது. இவ்விரண்டையும் ஒத்துப்போகச் செய்தவருடைய உறியில் செடி நிலைக்கும்.

பாத்திரத்திலிருந்து தொடங்கலாம். இதற்கெனப் பணம் செலவிட வேண்டியதில்லை. 5 லீற்றர் குடிநீர்ப் போத்தல், சமையல் எண்ணெய்க் கலன், சிறு வாளி, அரிசிப் பையைத் தைத்துச் செய்த கூடை ஆகிய எதுவும் ஏற்றதே. பனையோலைக் கடகமும் நல்ல தொட்டியாகும்; ஆயின் ஈரம் பட்டுப் பட்டு ஓலை உக்கிப்போகும் என்பதால் அதை ஒரு போகத்துக்கு மட்டுமே நம்பலாம். தகரப்பேணி வெயிலிற் சுட்டு வேரை வாட்டும், துருவும் பிடிக்கும். சிரட்டை நாற்று வளர்ப்பதற்குப் போதும். செடி வளர்ப்பதற்குப் போதாது. பூச்சிநாசினி இருந்த கலனை எவ்வளவு கழுவினாலும் உணவுப் பயிருக்குப் பயன்படுத்தலாகாது. கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் போத்தலைச் சாக்குத் துண்டால் சுற்றிவிட வேண்டும். வேருக்கு இருளே வேண்டும். ஒளி பட்டால் உள்ளே பாசி பிடிக்கும், மண்ணும் சூடேறும்.

பாத்திரத்தின் அளவு செடியைப் பொறுத்தது. ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலைப் படுக்கவைத்து, மேற்பக்கத்தில் நீளமான வாய் வெட்டினால் வல்லாரைக்கும் பொதினாவுக்கும் வெங்காயத்தாளுக்கும் போதும். மிளகாய்ச் செடி ஒன்றுக்குக் குறைந்தது 5 லீற்றர் வேண்டும். தக்காளிக்கு 10 லீற்றர் வேண்டும். அத்தனை பாரத்தைத் தொங்கவிடுவதிலும் தரையில் வைப்பதே மேல்.

தோட்டத்து மண்ணை அள்ளிப் பாத்திரத்தை நிரப்புவது பலரும் செய்யும் வேலை. யாழ்ப்பாணத்துச் செம்மண் தரையிலே பொன் விளைக்கும். தொட்டியிலோ சில வாரங்களில் கல்லாக இறுகும். அதன் பாரமும் மிகுதி. ஈரமான மண் நிறைந்த 5 லீற்றர் கலன் ஏறத்தாழ 9 கிலோகிராம் நிறுக்கும். தேங்காய்ப் பொச்சிலிருந்து தும்பு எடுக்கும்போது உதிருகின்ற தும்புச்சோற்றில் இரண்டு பங்கும், நன்கு உக்கிய கூட்டெருவில் இரண்டு பங்கும், மண்ணில் ஒரு பங்கும் கலந்து நிரப்பினால், நனைந்த பின்னரும் நிறை 5 கிலோகிராமை ஒட்டியே நிற்கும். தும்புச்சோறு தன் நிறையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும் இயல்புடையது. ஆதலால் பாரத்தைக் குறைத்து ஈரத்தைக் காக்கும் அரும்பொருள் அதுவே. ஆயினும் புதிய தும்புச்சோற்றை அப்படியே இடலாகாது. கடலோரத்து உவர்நீரில் ஊறிய பொச்சிலிருந்து வந்ததாயின் அதில் உப்பு இருக்கும். இளஞ்செடியின் இலை நுனி கருகும். நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்து, கபிலநிறச் சாறு வெளுக்கும்வரை மூன்று முறையேனும் அவ்வாறு செய்து, அதன் பின்னரே கலக்க வேண்டும்.

பாத்திரத்தின் அடியில் பென்சில் பருமனுள்ள துளைகள் நான்கு அல்லது ஐந்து வேண்டும். காய்ச்சிய ஆணியால் அவற்றை இடலாம். துளைமேல் கல்லும் ஓட்டுத்துண்டும் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று பலர் எண்ணுவர். உண்மையில் நுண்ணிய மண்ணிலுள்ள நீர், பருமனான கல் அடுக்குக்குள் எளிதில் இறங்குவதில்லை. கல்லுக்கு மேலேயே தேங்கி, வேர் இருக்கும் இடத்தைச் சேறாக்கும். பாரம் கூடுவது வேறு. மண் ஒழுகாதிருக்கத் துளைமேல் ஒரு கைப்பிடித் தும்பு போதும்.

இனி உறி பின்னும் முறை. 3 மீற்றர் நீளமான கயிறுகள் நான்கை ஒன்றாகச் சேர்த்து நடுவிலே மடித்து, மடிப்பில் ஒரு வளையம் விட்டு முடிச்சிட வேண்டும். இப்போது எட்டுத் தொங்கல்கள் இருக்கும். வளையத்திலிருந்து 60 சென்ரிமீற்றர் கீழே, இரண்டிரண்டு தொங்கல்களாகச் சேர்த்து நான்கு முடிச்சுகள் இடுக. அங்கிருந்து ஒரு சாண் இறங்கியதும், ஒவ்வொரு சோடியிலிருந்தும் ஒரு தொங்கலை அடுத்த சோடியின் தொங்கலோடு சேர்த்து மீண்டும் நான்கு முடிச்சுகள் இடுக. மேலும் ஒரு சாண் கீழே எட்டையும் கூட்டிப் பெருமுடிச்சாகக் கட்டுக. நடுவிலே ஒரு வலை அமைந்திருக்கும். பாத்திரத்தின் அடி பெருமுடிச்சின் மேல் அமரும். பக்கங்களை வலை அணைத்துக்கொள்ளும். கலனின் பருமனுக்கு ஏற்ப முடிச்சுகளை ஏற்றியும் இறக்கியும் கொள்ளலாம்.

தும்புக்கயிறு எளிதிற் கிடைப்பது, மலிவானது. ஆனால் எப்போதும் நனைந்திருக்கும் அடிமுடிச்சு உள்ளிருந்தே உக்கும். நைலோன் கயிறு உக்காது. வெயிலில் நாளடைவில் வலிவு இழக்கும். எக்கயிறாயினும் மாதம் ஒருமுறை அடிமுடிச்சையும் கொழுக்கியில் உராயும் வளையத்தையும் கையால் தடவிப் பார்ப்பது கடமை. இழை பிரிந்திருந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

தொங்கவிடும் இடத்தைத் தெரிவு செய்வதில் பலர் அசட்டையாக இருப்பர். தொட்டியை நீர் ஊற்றி முழுதும் நனைத்த பின்னரே நிறுக்க வேண்டும். உலர்ந்த நிறை கணக்காகாது. அந்த நிறையைப் போல் ஐந்து மடங்கைத் தாங்கும் கொழுக்கியும் வளையும் இருத்தல் நன்று. காற்றில் ஆடும் பாரம் நின்ற பாரத்திலும் கூடுதலாக இழுக்கும். மின்கம்பிக் குழாய், பீலி, கூரைத்தகடு ஆகியவற்றில் தொங்கவிடலாகாது. அஸ்பெஸ்ரஸ் கூரைத் தகட்டில் துளையிடுதல் கூடவே கூடாது. அதன் தூசு நுரையீரலுக்குப் பகை. தகட்டைத் தாங்கும் மரத்திலே கட்டலாம். பழைய லயன்களில் அம்மரத்தைக் கறையான் அரித்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்த பிறகே கட்ட வேண்டும். மரம் நம்பத்தக்கதன்று என்று தோன்றினால், வாசலோரத்தில் கவர்த்தடிகள் இரண்டை நாட்டி, குறுக்கே ஒரு கம்பை வைத்துப் பந்தல்போல் அமைத்துவிடலாம். தொடர்மாடியில் வாழ்வோர் தொட்டியைப் பல்கனிக் கம்பிக்கு உட்புறமாகவே தொங்கவிடல் வேண்டும். நாலாம் மாடியிலிருந்து விழும் 5 கிலோகிராம் தொட்டி, கீழே நடந்து செல்பவரின் உயிரைக் கொள்ளும். கடுங்காற்று எச்சரிக்கை வந்தால் எல்லாத் தொட்டிகளையும் இறக்கி உள்ளே வைப்பதே அறிவுடைமை.

வெயிலையும் கவனிக்க வேண்டும். கீரைக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு மணிநேர வெயிலும், மிளகாய்க்கு ஆறு மணிநேர வெயிலும் வேண்டும். இலங்கை நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால், சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் சூரியன் உச்சிக்கு நேரே வருகிறது. அதன்பின் ஆவணி வரை வடபுறமாகவும், ஏனைய மாதங்களில் தென்புறமாகவும் சாய்ந்து செல்கிறது. ஆகவே வடக்கு நோக்கிய பல்கனிக்கு ஆண்டின் நடுப்பகுதியிலும், தெற்கு நோக்கிய பல்கனிக்கு ஆண்டின் இறுதியிலும் தொடக்கத்திலும் நேர்வெயில் விழும். கிழக்கு நோக்கிய வாசலுக்கு ஆண்டு முழுவதும் காலை வெயில் உண்டு. செடிகளுக்கு அதுவே மிக உகந்தது. உறித்தொட்டியின் பெருவசதி, வெயில் நகரும்போது அதையும் மற்றொரு கொழுக்கிக்கு நகர்த்தலாம் என்பதே.

அடுத்தது நீர். தரையிலுள்ள செடிக்கு மேற்புறம் மட்டுமே காய்கிறது. தொங்கும் தொட்டியையோ காற்று எல்லாப் பக்கமும் சூழ்ந்து உலர்த்துகிறது. சித்திரை வைகாசி வெயிலில் காலையும் மாலையும் நீர் விட நேரும். மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை போதும். நாள் கணக்கில் நீர் விடுவதிலும், உள்ளங்கையால் தொட்டியின் அடியைச் சற்றே தூக்கிப் பார்ப்பது நம்பகமான வழி. பாரமாக இருந்தால் விட வேண்டியதில்லை. இலகுவாக இருந்தால் விட வேண்டும். ஒரு வாரத்தில் கை அந்த அளவைப் பழகிக்கொள்ளும். அரிசியும் மரக்கறியும் கழுவிய நீர் செடிக்கு ஏற்றது. சவர்க்கார நீரும் உவர்க்கிணற்று நீரும் ஆகா.

வடியும் நீர் அயலவரோடு பகையை வளர்க்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று தொட்டிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டினால், மேலே விட்ட நீர் கீழுள்ளவற்றையும் நனைத்து இறங்கும். நீரும் மிச்சம், ஒழுகலும் குறைவு. ஆனால் கடைசித் தொட்டியின் கீழே தட்டு வைத்தால் அதில் நிற்கும் நீரை மறந்துவிடலாகாது. 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளானதாகப் பதிவாயிற்று; 400க்கு மேற்பட்டோர் இறந்தனர். அந்நோயைப் பரப்பும் நுளம்பு, இத்தகைய சிறு பாத்திரங்களின் தெளிந்த நீரையே நாடி முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பு ஆவதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் போதும். முட்டைகளோ பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றிய பின்னும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே தட்டை நாள்தோறும் ஊற்றிவிடுவதோடு, வாரத்துக்கு ஒருமுறை தும்பால் தேய்த்துக் கழுவவும் வேண்டும். தட்டே இல்லாது, அடித்தொட்டியின் கீழ் மண் நிரப்பிய ஒரு பெட்டியை வைத்து அதிலும் ஒரு கீரையை நடுவது இன்னும் மேல். கீரைக்கெனத் தொங்கவிட்ட தொட்டி நோய்க்கு வித்தாகலாமா?

எவற்றை நடுவது என்பது இடத்தைப் பொறுத்தது. தாழ்நிலத்தில் முதலிடம் பொன்னாங்காணிக்கு. சந்தையில் வாங்கிய கட்டிலிருந்தே முற்றிய தண்டுகளை விரல் நீளத்துக்கு வெட்டி நட்டால் வேர்விடும். ஐந்தாறு வாரத்தில் கிள்ளத் தொடங்கலாம். கங்குன் தண்டும் அவ்வாறே தளிர்க்கும். அதற்கு நீர் மிகுதியாக வேண்டும். வல்லாரையின் ஓடுதண்டுகள் தொட்டியின் விளிம்பைக் கடந்து கீழே தொங்கும். பாதி நிழலிலும் அது வாடாது. பசளிக் கொடி மேலே ஏறப் பந்தல் இல்லாவிடின் கீழே தழைத்துத் தொங்கும். மலையகத்துக் குளிரில் பொதினாவும் வெங்காயத்தாளும் சலாது இலையும் செழிக்கும். சமையலறையிலுள்ள வெந்தயத்தை ஓர் இரவு ஊறவைத்துத் தூவினால் மூன்று வாரத்தில் வெந்தயக்கீரை கிடைக்கும். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். மிளகாய் பொறுமையை வேண்டும் பயிர். நாற்று நட்டபின் காய் பறிக்க இரண்டு மாதத்துக்கு மேலாகும், ஆயினும் நன்கு பேணிய செடி பல மாதங்கள் தொடர்ந்து காய்க்கும்.

கிள்ளும் முறையும் ஒரு கலை. முழுச்செடியையும் பிடுங்காமல், நுனியிலிருந்து நான்கு விரல் அளவைக் கிள்ளி, அடியில் இரண்டு மூன்று கணுக்களை விட்டால், ஒவ்வொரு கணுவிலிருந்தும் புதிய கிளை வரும். தொட்டிகளுக்கு முறை வைத்து, இன்று கிள்ளியதை இரண்டு வாரம் ஓயவிடுவது நன்று.

தும்புச்சோற்றில் ஊட்டம் மிகக் குறைவு; நாள்தோறும் விடும் நீர் இருக்கும் ஊட்டத்தையும் கழுவிச் செல்லும். ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பிடி கூட்டெருவை மேலே இட்டுக் கிளறிவிட வேண்டும். மரக்கறித் தோலும் தேயிலைச் சக்கையும் உலர்ந்த இலையும் துளையிட்ட வாளியொன்றில் மூன்று மாதம் மூடிக்கிடந்தால் அக்கூட்டெரு வீட்டிலேயே உண்டாகும். கடையில் விற்கும் அல்பேர்ட் கரைசலையும், பொதியிற் குறித்த அளவுக்கு மிஞ்சாமல், பயன்படுத்தலாம். அடி இலைகள் வெளிறி மஞ்சளாவது ஊட்டக்குறையின் அடையாளம். இலைகள் எல்லாம் ஒருங்கே சோர்வது நீர்க்குறையின் அல்லது நீர் மிகுதியின் அடையாளம். பாரத்தைத் தூக்கிப் பார்த்தால் எது என்பது விளங்கும்.

கோழியும் ஆடும் நத்தையும் உறித்தொட்டியை எட்டமாட்டா. தரைத்தோட்டத்துக்கு இல்லாத பாதுகாப்பு இது. ஆனால் வெண்ணிற மாப்பூச்சியும் இலைச்சுருட்டலை உண்டாக்கும் நுண்பூச்சிகளும் பறந்தும் காற்றோடும் வந்து சேரும். செடி கண்ணுக்கு நேரே தொங்குவதால் இலையின் அடிப்புறத்தைப் பார்ப்பது எளிது. தொடக்கத்திலேயே கண்டால் விரலால் நசுக்கியும், சிறிது சவர்க்காரம் கரைத்த நீரை மாலையில் தெளித்தும் அடக்கிவிடலாம். சுருண்டு குறுகிய மிளகாய்ச் செடி தேறாது. அதை அகற்றி மற்றவற்றைக் காப்பதே முறை.

புதிதாகத் தொடங்குவோர் இரண்டு தொட்டிகளோடு தொடங்குவது போதும். ஒன்றில் பொன்னாங்காணி, மற்றதில் வெந்தயம். வெந்தயம் மூன்று வாரத்தில் பயன் தந்து ஊக்கத்தை வளர்க்கும். பொன்னாங்காணி நின்று தழைக்கும். அவ்விரண்டின் பாரத்தையும் நீரையும் கை நன்கு அறிந்த பின்னர் மூன்றாவதையும் நான்காவதையும் கட்டலாம். ஒரேநாளில் பத்துத் தொட்டிகளைத் தொங்கவிட்டவர் பத்துக்கும் நீர் ஊற்றச் சலித்து, இரண்டு மாதத்தில் காய்ந்த கலன்களையே பார்த்துக்கொண்டிருப்பர். இரண்டை வாடாமல் வளர்த்தவரின் வீட்டில், சந்தையில் விலை ஏறிய நாளிலும், வறைக்கு ஒரு பிடி இலை இருக்கும்.